இல்லாத அண்ணனும் இட்டார்சி இந்தியும்

இயேசு மரி சூசை துணை

ஆவடி,
10-9-88, சனிக்கிழமை சாயந்திரம்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு, தங்கை புருஷன் ஜேசுராஜ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கச்சி ஜெயசீலியும், உங்கள் மருமகள் ஞானகுமாரியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பது போகப் போகத் தெரியும். காட்பாடியில் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்கவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் தினம் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்காகத்தான் போகிறது.

நிற்க என்று எழுதுவது வழக்கம். ஆனால் இந்த விஷயத்தை நீங்கள் உட்கார்ந்து படிப்பதுதான் நல்லது.

நீங்கள் பார்த்துச் சொன்ன திருநின்றவூர் சம்பந்தம் சம்பந்தமாக. பால்ராஜ் ஐயா ரயில்வே பாதுகாப்புப் படையில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், ஒரு வார்த்தை கூட்டியும் பேசமாட்டார், ஒரு வார்த்தை குறைத்தும் பேசமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பையன் அமலதாஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கெட்ட பழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் வாஸ்தவம். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்ததும் வாஸ்தவம். அங்கே நடந்ததை அவர் உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் நீங்கள் என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். என் வாய் என்று எழுதியதைப் பார்த்து உங்கள் தங்கச்சி பின்னாலிருந்து ஒரு சத்தம் கொடுத்தாள். அது சிரிப்பு இல்லை.

விஷயம் இந்த டெலிவிஷன் பெட்டியில் ஆரம்பிக்கிறது மச்சான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தியில் ஒரு துப்பறியும் தொடர் வருகிறதே, இன்ஸ்பெக்டர் தேஷ்பாண்டே என்று ஒரு ஆள் வாராவாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிப்பாரே, அதுதான். எங்கள் குவார்ட்டர்ஸில் இன்றைக்கு முக்கால்வாசி வீட்டில் டிவி இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொடரைப் பார்க்க எல்லாரும் பாயும் முக்காலியும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். காரணம், படம் எல்லார் வீட்டிலும் தெரியும், விளக்கம் என் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும். நான் அறுபத்தொன்பதிலிருந்து மூன்று வருஷம் ஜபல்பூர் ஃபாக்டரியில் இருந்துவிட்டு ஆவடிக்கு மாற்றல் வாங்கி வந்தவன் இல்லையா. என் இரும்புப் பெட்டியில் இன்னும் வெள்ளை பெயிண்டில் ஜபல்பூர் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அவர்கள் நினைப்பைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஜபல்பூரில் என் செக்‌ஷனில் இருந்த பத்துப் பேரும் மலையாளத்துக்காரர்கள். மெஸ்ஸில் சமைத்தவரும் பாலக்காடு. மூன்று வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது மலையாளம். இந்தியில் எனக்குத் தெரிந்தது சம்பளம், லீவு, டீ, நாளைக்கு வா, இவ்வளவுதான். தேஷ்பாண்டே இந்த நான்கையும் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் ஆளுடைய முகம் தெரிகிறதே மச்சான். ஒருத்தன் அழுதால் எதற்கு அழுவான், ஒருத்தி கதவை அறைந்து சாத்தினால் யார் மேல் கோபம், இதற்கெல்லாம் பாஷை எதற்கு. அவர்கள் வாயசைக்க அசைக்க நான் பாட்டுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். நான் பத்தாவதே ரெண்டு தரம் எழுதினவன், ஆனா கொலைக்கேஸ்ல கோட்டு போட்ட வக்கீல் தோத்துடுவான். பதினோரு வாரமா ஒரு தகராறு கிடையாது. தொடர் முடிஞ்சதும் யாரும் எழுந்து போக மாட்டாங்க. அடுத்த அரை மணி நேரம் விசாரணைக் கமிஷன். என் செக்‌ஷன்ல ஃபிட்டரா இருக்கிற கஜபதி, மேனாம்பேட்டிலிருந்து சைக்கிள் மிதிச்சு வருவான், ஆன்டெனா திருப்புறது அவன் டூட்டி, அவனுக்கு எப்பவும் டிரைவர் மேலதான் சந்தேகம். எதிர் பிளாக் கெங்கம்மாள், அவங்க வீட்டுக்காரர் யூனிஃபாரம் தைக்கிற ஃபாக்டரியில இருக்காரு, அந்தம்மாவுக்குச் சொத்து மேலதான் சந்தேகம். திங்கக்கிழமை காலையில ஃபாக்டரி கேட் திறக்கிற வரைக்கும் இதே பேச்சு. கேட்டுக்குள்ள போனாலும் அதே பேச்சு. நானும் கௌரவமா, இல்ல கஜபதி, தேஷ்பாண்டே அப்படிச் சொல்லல, இப்படித்தான் சொன்னாருன்னு தீர்ப்பு வழங்கிக்கிட்டு இருந்தேன்.

இப்ப போன ஞாயிற்றுக்கிழமைக்கு வர்றேன். திருநின்றவூர்ல பூசை முடிஞ்சு, வண்டி புடிச்சு, பதினொன்றரைக்கு வருவாங்கன்னு நீங்க எழுதியிருந்தீங்க. பத்தரைக்குத் தொடர் முடிஞ்சிடும், கமிஷனைப் பதினோரு மணிக்குக் கலைச்சுட்டு, பாயெல்லாம் சுருட்டிட்டு, ஊதுவத்தி ஏத்தி வச்சு ரெடியா இருக்கலாம்னு நான் கணக்குப் போட்டேன். போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாடி வருவாருன்னு எனக்கு எப்படித் தெரியும். முதல் பூசைக்கே போயிட்டாராம். பத்து அஞ்சுக்கு வாசல்ல நிக்கிறாரு. பக்கத்துல சம்பந்தி அம்மா ஞானசௌந்தரி, பின்னால பையன், கையில பழத்தட்டு. உள்ளே இருபத்திரண்டு பேர் உக்காந்திருக்காங்க, பொணம் விழுந்து ரெண்டு நிமிஷம்தான் ஆவுது, நான் நடுவுல நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

எழுப்பி அனுப்பியிருக்கலாம்னு உங்க தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் சொல்றா. எழுப்பினா எழுந்திருக்கிற ஜனமா அது? நாற்காலி ரெண்டு போட்டேன், ஐயா உக்காந்தாரு. சம்பந்தி அம்மா நாற்காலி வேணாம்னு கெங்கம்மா பாயிலேயே உக்காந்துட்டாங்க. நிறுத்தாதீங்க அண்ணே, அப்புறம் என்ன ஆச்சுன்னு அவங்களே கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தையில எனக்கு ஒரு சுதி ஏறிடுச்சு மச்சான். சம்பந்தி வீட்டு முன்னால நம்ம பவிசைக் காட்டிடணும்னு அன்னைக்கு நான் சொன்ன மாதிரி என்னைக்கும் சொன்னதில்ல.

கதை இதுதான். பம்பாயில ஒரு பெரிய பணக்காரர் பங்களாவுல செத்துக் கிடக்கிறாரு. வெள்ளைப் புடவை கட்டின ஒரு பொம்பளை வந்து அழுவுது. நான் சொன்னேன், இது செத்தவருடைய தங்கச்சி, காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டதால அண்ணன் ஏழு வருஷமா முகத்துல முழிக்கல, இப்ப வந்து, அண்ணே, நீ பேசாம இருந்தது போதாதா, இன்னும் பேசாம கிடக்கிறியேன்னு அழுவுதுன்னேன். கடைசியில அந்தம்மா சுவத்துல இருக்கிற போட்டோவை விரலால தொட்டுச்சு. அது அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயசுல எடுத்த போட்டோன்னேன். கெங்கம்மா மூக்கைச் சிந்தினாங்க. சம்பந்தி அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைச்சாங்க. சமையல்கட்டு வாசல்ல நம்ம ஞானகுமாரி காப்பித் தட்டோட நின்னவ காப்பி ஆறிப்போறதையும் மறந்துட்டா. பையன் அவளைப் பாத்தான், அவ பையனைப் பாத்தா. பெண் பார்க்கிற வேலை அந்த ஒரு நிமிஷத்துலயே முடிஞ்சு போச்சுங்க. அதோட பெட்டியை அணைச்சிருந்தா நான் இன்னைக்குப் பேனாவே எடுத்திருக்க மாட்டேன்.

கமிஷன் கூடிடுச்சு. கஜபதி ஆரம்பிச்சான். "டிரைவர் தான் அண்ணாத்தே. மூஞ்சப் பாத்தியா, எண்ணெ வடிஞ்சிகினு கீது." கெங்கம்மா ஒத்துக்கல. ஏழு வருஷம் கழிச்சுத் தங்கச்சி திரும்பி வந்தா சொத்து பங்கு போடணுமே, அதனால அண்ணன் பெண்டாட்டிதான் விஷம் வச்சிருப்பான்னாங்க. தங்கச்சி புருஷனை ஏன் காட்டவே இல்லன்னு பின்னாலிருந்து ஒருத்தர். ஒரு வாய்க்கு ஒரு கொலைகாரன். அப்பத்தான் கஜபதிக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஐயா போலீஸாச்சே, ஐயாவையே கேட்போம்னுட்டான். இருபத்திரண்டு பேரும் பால்ராஜ் ஐயா பக்கம் திரும்பி உக்காந்தாங்க.

அவர் அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நிதானமா சொன்னாரு. "அந்தம்மா செத்தவரோட தங்கச்சி இல்ல. பேங்க் ஆபீசர். லாக்கர் சாவி காணாமப் போனதுக்கு அழுவுறாங்க. போட்டோவைத் தொட்டது தூசி கலைஞ்சிருக்கான்னு பாக்க. அதான் துப்பு."

மச்சான், எனக்குக் காதுல ரயில் போற சத்தம் கேட்டுச்சு. இந்தி பேசுற ஊரான இட்டார்சியில ஐயா பத்து வருஷம் டூட்டி பாத்தவர்னு அப்பத்தான் சம்பந்தி அம்மா சொன்னாங்க, நீங்க எனக்கு எழுதவே இல்ல. எழுதியிருந்தா அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். சரி, அப்பக்கூட ஒரு வழி இருந்துச்சு, ஐயா சொல்றதுதான் சரின்னு சிரிச்சிருக்கலாம். ஆனா அதுக்குள்ள கெங்கம்மா எழுந்து நின்னுட்டாங்க. "இன்னாங்க நீங்க, இன்னிக்கு வந்துட்டு. நாங்க பதினோரு வாரமா பாக்குறோம், எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி யாரு, பேங்க் ஆபீசர் யாருன்னு?" கஜபதி ஐயாவுக்குச் சமாதானம் சொல்ற மாதிரி, பெரியவருக்குக் கண்ணாடி மாத்தணும்போலன்னான். நிஜத்தைச் சொன்ன மனுஷனை என் வீட்டுல, அதுவும் பெண் பார்க்க வந்த இடத்துல, இருபத்திரண்டு பேர் சேர்ந்து தப்புன்னு தீர்மானம் போட்டாங்க. எல்லாரும் என் முகத்தைப் பாத்தாங்க. அங்கதான் என் நாக்குல சனியன் ஏறி உக்காந்துச்சு. ஐயா இருந்தது இட்டார்சி, அங்க பேசுற இந்தி வேற மாதிரி, ஜபல்பூர் இந்திதான் சுத்தம், பம்பாய்க்காரங்க அதைத்தான் பேசுவாங்கன்னு சொல்லிட்டேன்.

பால்ராஜ் ஐயா எழுந்தாரு. "ஜபல்பூர்லயும் நாலு வருஷம் இருந்தேன்"னாரு. கேசரியைத் தொடல. சம்பந்தி அம்மா ரெண்டு தரம் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க. பையன் மூணு தரம்.

வியாழக்கிழமை கார்டு வந்துச்சு. அப்படியே எழுதுறேன், ஒரு எழுத்து மாத்தல. பொருள்: பெண் விவரம் சரிபார்த்தல். பார்வை: 4-9-88 அன்று தங்கள் இல்லத்தில் நேரில் கண்டது. மேற்படி நிகழ்ச்சியில் இல்லாத அண்ணன் ஒருவரைத் தாங்கள் இருப்பதாகக் கூறியதால், தாங்கள் முன்பு கூறிய மற்ற விவரங்களிலும் சந்தேகம் எழுகிறது. பெண்ணின் ஞானஸ்நான சர்டிபிகேட், பத்தாவது மார்க் புத்தகம், தங்கள் ஃபாக்டரி அடையாள அட்டை நகல் ஆகியவற்றை அனுப்பவும். பிறகு யோசித்துச் சொல்லப்படும். அவ்வளவுதான். கடைசியில கையெழுத்து மட்டும், அன்புள்ள கிடையாது.

மத்தவன் எவனா இருந்தாலும் கலங்கிப்போவான். நான் கலங்கல. நம்ம விவரத்துல பொய் ஏதாவது இருந்தாத்தானே பயப்படணும். பொண்ணு வயசு இருபத்திரண்டு, கோயில் ரிஜிஸ்தர்லயும் இருபத்திரண்டுதான். உயரம் அஞ்சே கால் அடின்னு எழுதினது மட்டும் செருப்போட. என் அடையாள அட்டையில இருக்கிற போட்டோதான் என்னை மாதிரி இல்ல, அதுக்கு நான் என்ன பண்ண முடியும். மனுஷன் வெளிய எங்க பொய் சொன்னாலும் கல்யாணக் காகிதத்துல பொய் சொல்லக் கூடாதுங்கிறது என் கொள்கை.

அதோட விடல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஷிஃப்ட் விட்டு வந்ததும், தண்ணி டாங்க் கீழ எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு உண்மையை ஒப்புக்கிட்டேன். எனக்கு இந்தி தெரியாது, பதினோரு வாரமா நான் சொன்னதெல்லாம் என் கற்பனை, ஐயா சொன்னதுதான் சரின்னு நெஞ்சுல கை வச்சுச் சொன்னேன். யாராவது ரெண்டு பேர் அடிக்க வருவாங்க, வாங்கிக்கிட்டுப் போயிடலாம்னுதான் நின்னேன். கஜபதி கிட்ட வந்து என் தோள்ல கையைப் போட்டான். "போலீஸ்கார்ரு மெரட்டிட்டாரா அண்ணாத்தே? பொண்ணுக்கோசரம் பொய் சொல்ற நிலைமை வந்துடுச்சே உனுக்கு." கெங்கம்மா கண்ணு கலங்கி, பெத்த மனசு பித்துன்னு சும்மாவா சொன்னாங்கன்னாங்க. அம்பத்திரண்டு வயசுல முதல் முதலா கூட்டம் போட்டு நிஜம் பேசறேன், நம்ப ஒரு ஆள் இல்ல மச்சான்.

எல்லாத்தையும் தாங்கிக்குவேன். ஞானகுமாரிதான். அவ அதிகம் பேசற பொண்ணு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் பூரா தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல் கூட்டறா, ஒரு நாளைக்கு ரெண்டு தரம். நேத்து ராத்திரி சாப்பாடு போடறப்ப தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா. "உங்களுக்குக் கதை சொல்ல வரும்னு எனக்குத் தெரியும்ப்பா. அவங்களுக்கு அது பொய்யின்னு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சவங்க யாராவது போய்ச் சொல்லக் கூடாதா?"

அதனால்தான் மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் முழங்கால் வலியைப் பாராமல் ஒரு வண்டி ஏறித் திருநின்றவூர் போய், தாய்மாமன் என்ற முறையிலும் பழைய ரயில்வே சிநேகிதம் என்ற முறையிலும் பால்ராஜ் ஐயாவைப் பார்த்து ஒரு சாட்சி சொல்ல வேண்டும். ஜேசுராஜ் என் தங்கையைக் கட்டி இருபத்துநான்கு வருஷத்தில், தொடர் விஷயம் தவிர, யாரையும் ஏமாற்றியதில்லை என்று சொன்னால் போதும். அதற்கு மேல் புகழ வேண்டாம், நம்பமாட்டார். ஞானஸ்நான சர்டிபிகேட்டும் மற்றதும் தனியாக ரிஜிஸ்தர் தபாலில் அவருக்கே அனுப்புகிறேன். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள். டிவி பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே துணி போட்டு, துணி மேல் மாதா சுரூபத்தை வைத்துவிட்டேன். இனி என் ஆயுசில் அந்தப் பெட்டி முன்னால் நின்று ஒரு வார்த்தை விளக்கம் சொல்லமாட்டேன். இது மாதா மேல் சத்தியம். நீங்கள் போனால் காரியம் கைகூடும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகள் ஒவ்வொருவர் நெற்றியிலும் என் பேரில் ஒரு சிலுவையையும் சேர்ப்பிக்கவும். உங்கள் முழங்காலுக்கு நல்ல சுகம் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை புருஷன்,
ம. ஜேசுராஜ்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எழுதுவது. மூன்று தாள் எழுதியதை வீணாக்க மனசில்லாமல் அனுப்புகிறேன், ஆனால் மேலே எழுதியதில் ஒன்றையும் நீங்கள் செய்ய வேண்டாம். திருநின்றவூர் போகாதீர்கள். சாட்சியும் சொல்லாதீர்கள். இன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு வாசல்ல நிழல் ஆடிச்சு, பாத்தா சம்பந்தி அம்மா. பின்னால ஐயா, கையில குடை. அந்தம்மா உள்ள வந்து, நேரா மாதா சுரூபத்தைக் கும்பிட்டு, பத்திரமா இறக்கி அலமாரியில வச்சுட்டு, பெட்டியை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாங்க. இருபத்தாறு வருஷமா இவர்கிட்ட இந்திப் படத்துக்கு அர்த்தம் கேட்டா, திருடினான், புடிச்சாங்கன்னு ரெண்டே வார்த்தைதான் சொல்லுவாரு அண்ணே, நானும் சரி, இந்தியில கதையே அவ்வளவுதான்போலன்னு இருந்துட்டேன்னாங்க. போன வாரம் வண்டியில போறப்ப, தொடர்ல அழுத அந்தம்மாவுக்கு அண்ணனே கிடையாதுன்னு ஐயா சொன்னாராம். இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடுச்சுன்னு இவங்க கேட்டாங்களாம். அதோட வாரம் பூரா வீட்டுல பேச்சு வார்த்தை இல்லையாம். "யாரோ ஒருத்திக்கு இல்லாத அண்ணனைக் குடுத்து ஆறுதல் சொன்ன மனுஷன், பெத்த பொண்ணுக்கு நல்லதைத்தானே சொல்லி வளத்திருப்பாரு. எனக்கு சர்டிபிகேட் வேணாம்"னாங்க. சமையல்கட்டுல ஒரு தட்டு கீழ விழுந்துச்சு. ஞானகுமாரிதான்.

பத்து மணிக்கு ஜனம் பாயோட வந்துடுச்சு. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்னு வாயைத் திறக்கல. ஐயாவே விளக்கம் சொல்றதா ஏத்துக்கிட்டாரு. விசாரிக்கிறாங்கன்னாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு, இன்னும் விசாரிக்கிறாங்கன்னாரு. கெங்கம்மா பாயைச் சுருட்ட ஆரம்பிச்சாங்க. சம்பந்தி அம்மா அவரை ஒரு பார்வை பாத்தாங்க. இட்டார்சியில எத்தனை திருடனைப் புடிச்சாரோ, அந்தப் பார்வைக்கு முன்னால மனுஷன் நிக்கல. "நீங்களே சொல்லுங்க"ன்னாரு. சத்தியத்தைப் பத்தி நாளைக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல பேசிக்கிறேன், நான் எழுந்து நின்னுட்டேன்.

வர்ற 18-ந் தேதி கோயில்ல கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசிக்கிறாங்க. மூணு ஓலையும் முடிஞ்சு, அக்டோபர் 12 புதன்கிழமை கல்யாணம். ஞாயித்துக்கிழமைன்னா எல்லாருக்கும் லீவாச்சேன்னு நான் கேட்டேன், அன்னைக்குத் தொடர் இருக்கு, கூடாதுன்னுட்டாங்க சம்பந்தி அம்மா. நீங்க நாலு நாள் முன்னாடியே வந்துடணும்.

ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போனேன். ஐயா வழி பூரா குடையைத் தட்டிக்கிட்டே நடந்தாரு. வண்டி கிளம்பறப்ப ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, சம்பந்தி அம்மா காதுல விழாம மெதுவா கேட்டாரு. "இன்னைக்கு வந்த அந்த வாட்ச்மேன், பொண்ணுக்காகக் கஷ்டப்படுறவன்னு சொன்னீங்களே. அவன் நல்லவன்தானே?"

ஐயாவுக்குப் புரிஞ்ச இந்தியில அந்த வாட்ச்மேன்தான் கொலைகாரன். அவன் கையில விலங்கு மாட்டினதை நானும்தான் பாத்தேன், அதைச் சொல்லாமத் தாண்டிப் போயிருந்தேன்.

நல்லவன்தான் சம்பந்தின்னேன். அவர் தலையை ஆட்டிக்கிட்டு, நிம்மதியா சாஞ்சு உக்காந்தாரு.